ஆக்சஸ் பாயிண்டின் நிர்வாகப் பக்கத்தைப் பாதுகாப்பாகத் திறக்கும் முறை

பினாங்கு லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே துணிக்கடை, முதல் மாடியில் கணக்கர் அலுவலகம், அதற்கும் மேலே பிள்ளைகளுக்கு டியூஷன் வகுப்பு. மூன்றுக்கும் சேர்த்து ஒரே இணைய இணைப்பு. மாடிக்கு ஒன்றாகக் கூரையில் வைஃபை சிக்னலைப் பரப்பும் வெள்ளை நிற ஆக்சஸ் பாயிண்ட் பொருத்தப்பட்டிருக்கும். வைஃபை கடவுச்சொல், கல்லாப்பெட்டிக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கும். இப்படிப்பட்ட கட்டடங்களில்தான் நான் வலைப்பின்னல் வேலை செய்துவருகிறேன். வேகம் போதவில்லை, மேல்மாடியில் சிக்னல் வரவில்லை என்று அழைப்பவர்கள் உண்டு. ஆக்சஸ் பாயிண்டின் அமைப்புகளை உலாவியில் மாற்ற உதவும் நிர்வாகப் பக்கத்தை யார் யாரெல்லாம் திறக்க முடிகிறது என்று கேட்டு அழைத்தவர் இதுவரை ஒருவரும் இல்லை. அந்தப் பக்கத்தை, உலாவிக்கும் கருவிக்கும் இடையே செல்வதை மறைத்து அனுப்பும் எச்டிடிபிஎஸ் வழியாக மட்டும், உரியவர் மட்டும் திறக்கும்படி அமைப்பது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன்.

நிர்வாகப் பக்கம் மறைப்பில்லாத வெறும் எச்டிடிபியில், அதாவது 80ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது கருவியின் ஒரு சேவைக்கான எண்ணிட்ட வாசல்) திறக்கும்போது, தட்டச்சு செய்யும் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் மறைக்கப்படாமலே பயணம் செய்கின்றன. ஒரு கடைக்காரரின் அனுமதியோடு, வலைப்பின்னலில் ஓடுவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை என் மடிக்கணினியில் ஓடவிட்டு, அவருடைய கைப்பேசியை வைஃபையில் இணைத்து, அதிலிருந்து நிர்வாகப் பக்கத்துக்குள் நுழையச் சொன்னேன். திரையில் ஓடிய வரிகளில் ஒன்றை நிறுத்திக் காட்டினேன். அதன் கடைசியில், மகளின் பெயரையும் அவள் பிறந்த ஆண்டையும் சேர்த்து அவர் வைத்திருந்த கடவுச்சொல் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் நின்றது. அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

வைஃபையே எல்லாவற்றையும் மறைத்து அனுப்புகிறதே என்று அவர் பிறகு கேட்டார். கேள்வி நியாயமானது. எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தும் டபிள்யூபிஏ2 என்ற மறைப்பு முறை கொண்ட வைஃபையில், ஒரு கருவி இணையும் கணத்தில் நடக்கும் நான்கு பரிமாற்றங்களை அருகிலிருந்து பிடித்துவிட்டால், அதே கடவுச்சொல்லை அறிந்த இன்னொருவரால் அந்தக் கருவி அனுப்புவதையும் பெறுவதையும் பிரித்துப் படிக்க முடியும். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 இந்த ஓட்டையை அடைத்தது. ஆனால் பழைய கைப்பேசிகள் இணைய வேண்டும் என்பதற்காக நான் பார்க்கும் கடைகள் பலவற்றில் டபிள்யூபிஏ2 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டியிருக்கும் இடத்தில், புடவை எடுக்க வந்த எவரும் அந்த ‘இன்னொருவர்’ ஆகலாம்.

நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைந்தவர் வைஃபை கடவுச்சொல்லைப் பார்க்கலாம், மாற்றலாம், புதிய வைஃபை பெயர் ஒன்றை ஓசைப்படாமல் சேர்க்கலாம். சில கருவிகளில் கடந்துபோகும் தரவுப் பொதிகளைப் பிடித்துப் பதிவுசெய்யும் வசதியே உள்ளே இருக்கிறது. டியூஷன் வகுப்பில் பிள்ளைகளின் அடையாள அட்டை எண்ணும் பெற்றோரின் முகவரியும் இருக்கின்றன. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கும் பொறுப்பை வணிகம் செய்பவர்மேல் வைக்கிறது. 2024இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, தரவு கசிந்தால் ஆணையருக்கு அறிவிக்கும் கடமையும் 2025 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

தொடங்கும் முன்

மடிக்கணினியை வைஃபையிலிருந்து விலக்கி, ஆக்சஸ் பாயிண்ட் சேர்ந்திருக்கும் அதே வலைப்பின்னல் சுவிட்சில் கேபிள் வழியாக இணையுங்கள். அமைப்புகளைச் சேமிக்கும்போது சில கருவிகள் வைஃபையை நிறுத்தி மறுபடி தொடங்கும். வைஃபை வழியாகவே அமைப்பை மாற்றுவது நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டுவதாகும். அடுத்து, இப்போதுள்ள அமைப்புகளின் நகலைக் கோப்பாக இறக்கி வையுங்கள். அந்தக் கோப்பில் வைஃபை கடவுச்சொற்களும், சில கருவிகளில், கருவியின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழின் இரகசியச் சாவியும் இருக்கக்கூடும் என்பதால் அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைப்பது தவறு. தயாரிப்பாளரின் தளத்தில் புதிய ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் உள்மென்பொருள்) இருந்தால் அதையும் இப்போதே ஏற்றிவிடுங்கள். ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல் இன்னும் இருந்தால் மாற்றுங்கள்.

பலரும் தவறவிடுவது கடிகாரம். ஆக்சஸ் பாயிண்டுகள் பலவற்றில் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் கிடையாது. மாலை நேர இடிமழையில் கட்டடத்தின் மின்சாரம் துண்டிக்கப்பட்டுத் திரும்பினால், கருவியின் தேதி 1970 ஜனவரி 1க்கோ ஃபர்ம்வேர் வெளியான நாளுக்கோ போய்விடும். அந்த நிலையில் சான்றிதழ் உருவாக்கினால் அது காலாவதியான சான்றிதழாகவே பிறக்கக்கூடும். ஆகவே நேரத்தை இணைய நேரச் சேவையான என்டிபி வழியாகப் பெறும்படி அமைத்து, நேர மண்டலத்தை உலகப் பொது நேரத்துக்கு 8 மணி முன்னதாக வையுங்கள். மலேசியாவில் கோடைகால நேர மாற்றம் இல்லாததால் அந்தத் தெரிவை அணைத்துவிடலாம். ஆக்சஸ் பாயிண்டுக்கு ஐபி முகவரியை (வலைப்பின்னலில் அதன் எண்) கையால் கொடுத்தவர்கள் கேட்வே (வெளியே செல்லும் வழி), டிஎன்எஸ் (பெயரை ஐபி எண்ணாக்கும் சேவை) இரண்டையும் நிரப்ப மறந்திருப்பார்கள். வைஃபை அது இல்லாமலும் நன்றாக ஓடும். நேரம் மட்டும் வந்து சேராது.

எச்டிடிபிஎஸ் திறந்த பிறகே எச்டிடிபியை மூடுங்கள்

நமக்கு வேண்டிய பக்கம் ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். ‘அட்மினிஸ்ட்ரேஷன்’, ‘மேனேஜ்மென்ட்’, ‘சிஸ்டம்’ ஆகிய பட்டியல்களுக்குள் ‘எச்டிடிபி/எச்டிடிபிஎஸ் சர்வீஸ்’ அல்லது ‘வெப் சர்வர்’ என்பது போன்ற தலைப்பில் தேடுங்கள். அங்கே முதலில் எச்டிடிபிஎஸ் சேவையை மட்டும் இயக்கிச் சேமியுங்கள். பழைய பக்கத்தை மூடாமல், உலாவியில் இன்னொரு தாவலைத் திறந்து, எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் முகவரியில் அதே ஐபி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். சான்றிதழ் பற்றிய எச்சரிக்கை வரும்; அதைப் பற்றி அடுத்த பகுதியில் விரிவாகச் சொல்கிறேன். நுழைவுப் பக்கம் தெரிந்து, உள்ளே போகவும் முடிந்த பிறகுதான் எச்டிடிபி சேவையை அணைக்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்து, எச்டிடிபிஎஸ் ஏதோ காரணத்தால் எழவில்லை என்றால், ஏணியைத் தேடி எடுத்துக் கூரையில் இருக்கும் ரீசெட் துளையைக் குண்டூசியால் அழுத்துவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகலாம்.

எச்டிடிபிஎஸ் இயல்பாக 443ஆம் போர்ட்டில் இயங்குகிறது. அதை 8443 போன்ற வேறோர் எண்ணுக்கு மாற்றினால் பாதுகாப்பு கூடிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிக் கூடுவதில்லை; போர்ட்டுகளை வருடிப் பார்க்கும் எந்த மென்பொருளும் சில நொடிகளில் அதைக் கண்டுபிடித்துவிடும். உங்களுக்குத்தான் ஆறு மாதம் கழித்து அந்த எண் மறந்துபோகும்.

‘எச்டிடிபியை எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பு’ என்ற தெரிவைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சில கருவிகளில் எச்டிடிபியை அணைத்த பிறகே இந்தத் தெரிவு தோன்றும். இதை இயக்கினால் 80ஆம் போர்ட் வருபவர்களை 443க்கு அனுப்பி வைப்பதற்காக மட்டும் விழித்திருக்கும். வசதியானதுதான், ஆனால் அந்த முதல் அழைப்பு மறைவில்லாமல் போகிறது. இடையில் ஒருவர் இருந்தால், திருப்பி அனுப்பும் பதிலைத் தானே விழுங்கிக்கொண்டு, உங்களிடம் வெறும் எச்டிடிபி பக்கத்தைக் காட்டிக் கடவுச்சொல்லை வாங்கிவிட முடியும். இந்த உத்தி 2009ஆம் ஆண்டிலேயே பிளாக் ஹாட் மாநாட்டில் பகிரங்கமாகச் செய்து காட்டப்பட்டது. பெரிய வலைத்தளங்கள் ‘இனி என்னிடம் எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் வா’ என்று உலாவியிடம் சொல்லி வைத்து இதைத் தடுக்கின்றன. அந்த ஏற்பாடு பெயர் உள்ள தளங்களுக்கே செல்லும், வெறும் ஐபி எண்ணுக்குச் செல்லாது. ஆகையால் என் கருத்தில், ஒருவரோ இருவரோ மட்டும் நிர்வகிக்கும் கடையில் திருப்பிவிடுவதையும் அணைத்துவிட்டு, எச்டிடிபிஎஸ் முகவரியை முழுமையாகப் புத்தகக்குறியில் சேமித்து வைப்பதே நல்லது.

அதே பக்கத்தில், எச்டிடிபிஎஸ்ஸின் மறைப்பைச் செய்யும் டிஎல்எஸ் நெறிமுறையின் பதிப்புகளுக்கான தெரிவு இருக்கலாம். அதன் முன்னோடியான எஸ்எஸ்எல் 3.0 பதிப்பை 2014இல் வெளியான பூடில் தாக்குதல் செயலற்றதாக்கியது, டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் 2021 மார்ச்சில் இணையத் தரநிலை அமைப்பு முறைப்படி விலக்கியது. இம்மூன்றையும் அணைத்து, 1.2 பதிப்பை இயக்கி, 1.3 இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1.2 பதிப்பே இல்லாத பழைய கருவி என்றால் இன்றைய உலாவிகள் அதன் எச்டிடிபிஎஸ் பக்கத்தைத் திறக்கவே மறுக்கும். அப்போது, பக்கம் திறக்க வேண்டும் என்பதற்காக எச்டிடிபிக்குத் திரும்பாதீர்கள். புதிய ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கருவியை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று உரிமையாளரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

எதுவும் செய்யாமல் விட்டால் தானாக வெளியேற்றும் அமர்வு நேரத்தை 5 அல்லது 10 நிமிடத்தில் வையுங்கள். ஒரே நேரத்தில் நுழையக்கூடியவர் எண்ணிக்கையை இரண்டாகக் குறைத்தால் போதும். ஒன்றாகக் குறைத்தால், வெளியேறாமல் உலாவியை மூடிய பழைய அமர்வு உங்களையே வெளியே நிறுத்திவிடும்.

சான்றிதழும் அதன் கைரேகையும்

எச்டிடிபிஎஸ் இரண்டு வேலைகளைச் செய்கிறது: போகும் செய்தியை மறைக்கிறது, எதிரே இருப்பது நாம் தேடி வந்த கருவிதானா என்று காட்டுகிறது. இரண்டாவது வேலையைச் செய்வது சான்றிதழ். ஆக்சஸ் பாயிண்ட் தனக்குத் தானே கையெழுத்திட்ட சான்றிதழை நீட்டுவதால், உலாவிக்கு அதை நம்ப எந்த ஆதாரமும் இல்லை. அதனால் சிவப்பு நிறத்தில் எச்சரிக்கிறது. நாம் ‘மேம்பட்டவை’, ‘தொடரவும்’ என்று அழுத்திக் கடந்துவிடுகிறோம். இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும் என்று நான் சொல்வேன்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு கட்டடத்தில் மாதம் ஒருமுறை ஆக்சஸ் பாயிண்டுகளைப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். ஒருமுறை முதல் மாடிக் கருவியைத் திறந்தபோது, முன்பு ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளச் செய்திருந்த உலாவி மறுபடியும் எச்சரிக்கை காட்டியது. அவசரத்தில் தொடர்ந்துவிட்டேன். என் கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. தவறாகத் தட்டிவிட்டதாக நினைத்து மேலும் இருமுறை கொடுத்தேன். பிறகுதான் விளங்கியது: வைஃபை மெதுவாக இருக்கிறது என்று யாரோ ரீசெட் துளையை அழுத்தியிருக்கிறார்கள், கருவி ஆலை நிலைக்குத் திரும்பி, பின்புறம் அச்சடித்த கடவுச்சொல்லோடு மூன்று வாரம் ஓடியிருக்கிறது. சான்றிதழ் மாறிவிட்டது என்பதை உலாவி முதல் நொடியிலேயே சொன்னது. எதிரே இருந்தது நம் கருவியாக இல்லாமல் வேறொருவரின் கணினியாக இருந்திருந்தால், நான் என் கடவுச்சொல்லை மூன்று முறை அவருக்கு எழுதிக் கொடுத்திருப்பேன்.

அதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை இது. கடிகாரம் சரியாக ஓடுகிறது என்று உறுதி செய்துகொண்டு, ஆக்சஸ் பாயிண்டில் புதிய சான்றிதழை உருவாக்குகிறேன். ஆலையிலிருந்து வந்த சான்றிதழையே வைத்துக்கொள்வதில்லை. அதற்குக் காரணம் உண்டு: 2015இல் செக் கன்சல்ட் என்ற ஆஸ்திரிய நிறுவனம் ரௌட்டர், கேமரா, இணையத் தொலைபேசி போன்ற கருவிகளின் ஃபர்ம்வேர்களை ஆராய்ந்தபோது, ஒரே இரகசியச் சாவி ஆயிரக்கணக்கான கருவிகளுக்குள் அப்படியே பதிக்கப்பட்டிருப்பதைக் கண்டது. ஒரு கருவியைப் பிரித்து அந்தச் சாவியை எடுத்தவர், அதே வகைக் கருவிகள் அனைத்துக்கும் சாவி வைத்திருப்பவராகிறார். புதிதாக உருவாக்கும்போது சாவி நீளத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஆர்எஸ்ஏ 2048 பிட்டுக்குக் குறையாமல் வையுங்கள்.

பிறகு சுவிட்சையும் விட்டுவிட்டு, மடிக்கணினியை ஆக்சஸ் பாயிண்டோடு ஒரே கேபிளில் நேராக இணைக்கிறேன். பிஓஇ வழியாக, அதாவது வலைப்பின்னல் கேபிளிலேயே மின்சாரம் பெறும் கருவி என்றால் அதற்கான இன்ஜெக்டரை இடையில் வைத்துக்கொள்ளலாம். இடையில் வேறு எவரும் இருக்க வாய்ப்பில்லாத அந்த நேரத்தில் பக்கத்தைத் திறந்து, முகவரிப் பட்டையில் ‘பாதுகாப்பற்றது’ என்று வரும் இடத்தை அழுத்தி, சான்றிதழ் விவரத்துக்குள் போனால் அந்தச் சான்றிதழுக்கே உரிய அடையாள எண்ணான எஸ்எச்ஏ-256 கைரேகை தெரியும். ஈரிலக்கம் ஈரிலக்கமாக 32 இணைகள். அதைக் கடையின் கணக்குப் புத்தகத்தின் உள்ளட்டையில், கருவியின் இருப்பிடம், ஐபி எண், காலாவதி நாள் ஆகியவற்றோடு எழுதி வைக்கிறேன். அதே சான்றிதழை என் மடிக்கணினியில் நம்பத்தக்கதாகவும் பதித்துக்கொள்கிறேன். அதன் பிறகு எச்சரிக்கை வந்தால் அதற்கு நிச்சயம் ஒரு காரணம் இருக்கும். புத்தகத்தைத் திறந்து 32 இணைகளையும் ஒப்பிட்ட பிறகே கடவுச்சொல்லைத் தொடுவேன்.

சான்றிதழைப் பதித்த பிறகும் குரோம் உலாவி முணுமுணுத்தால், சான்றிதழில் மாற்றுப் பெயர்ப் பகுதி இல்லாதது காரணமாக இருக்கலாம். 2017இல் வந்த 58ஆம் பதிப்பிலிருந்து குரோம் பழைய பொதுப்பெயர்ப் பகுதியைப் பார்ப்பதில்லை. ஐபி எண்ணோ பெயரோ மாற்றுப் பெயர்ப் பகுதியில் இருந்தாக வேண்டும். கருவி தானே உருவாக்கும் சான்றிதழில் அது இல்லையென்றால், ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளைக் கொண்டு வெளியே ஒன்றை உருவாக்கி ஏற்றலாம். ஆப்பிள் கருவிகளிலிருந்தும் நிர்வகிப்பதாக இருந்தால் ஆயுளை 825 நாளுக்குள் வையுங்கள்.

பள்ளிக்கூடம், தங்கும் விடுதி போல இருபது முப்பது ஆக்சஸ் பாயிண்ட் இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றின் கைரேகையையும் எழுதி மாளாது. அங்கே உங்களுக்கென்று ஒரு வேர்ச் சான்றிதழை உருவாக்கி, அதைக் கொண்டு எல்லாக் கருவிகளின் சான்றிதழ்களிலும் கையெழுத்திட்டு, நிர்வகிப்பவர்களின் கணினிகளில் மட்டும் அந்த வேரைப் பதியுங்கள். வேரின் இரகசியச் சாவி கடவுச்சொல்லோடு ஒரு பென்டிரைவில், பூட்டிய அலமாரிக்குள் இருக்கட்டும். பொதுச் சான்றிதழ் நிறுவனங்களிடம் வாங்குவதையும் சிலர் விரும்புகிறார்கள். சொந்த டொமைன் பெயர் இருந்தால் அது முடியும். ஆனால் அவற்றின் ஆயுள் படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச் முதல் 47 நாள்தான் இருக்கும் என்று முடிவாகியிருப்பதால், தானாகப் புதுப்பிக்கத் தெரியாத ஆக்சஸ் பாயிண்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சான்றிதழை ஏற்றும்போது ஒரு கவனம் வேண்டும். பல கருவிகள் சான்றிதழும் இரகசியச் சாவியும் சேர்ந்த ஒரே பெம் கோப்பைக் கேட்கும். ஏற்றும் வழியாக எச்டிடிபி, டிஎஃப்டிபி என இரண்டைக் காட்டும். கோப்பு அனுப்பும் எளிய முறையான டிஎஃப்டிபியில் கடவுச்சொல்லும் இல்லை, மறைப்பும் இல்லை; சாவி வெட்டவெளியில் போகும். நீங்கள் எச்டிடிபிஎஸ் வழியாக உள்ளே இருக்கும்போது உலாவி மூலம் ஏற்றுவதே சரி.

யார் நெருங்கலாம்

எச்டிடிபிஎஸ் கதவைப் பலப்படுத்துகிறது. கதவருகே யார் வரலாம் என்பது வேறு அமைப்பு. வாடிக்கையாளர் வைஃபையை வீலான் என்ற தனி உள்வலையில் பிரித்து, அங்கிருந்து நிர்வாக ஐபி எண்களுக்கு வழி இல்லாமல் செய்யுங்கள். ‘வைஃபை வழியாக நிர்வாகம்’ என்ற தெரிவு இருந்தால் அணையுங்கள். நிர்வாக அனுமதிப் பட்டியல் இருந்தால் உங்கள் மடிக்கணினியின் ஐபி எண்ணை மட்டும் சேருங்கள். அதற்கு முன் ரௌட்டரில் ஐபி எண்களைப் பங்கிடும் டிஎச்சிபியில் அந்த எண்ணை மடிக்கணினிக்கே ஒதுக்கிவிடுங்கள், இல்லையென்றால் நாளை எண் மாறி நீங்களே வெளியே நிற்பீர்கள். ஐபி எண்ணைப் பொய்யாகச் சூடிக்கொள்ள முடியும் என்பதால் இந்தப் பட்டியலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. மறைப்பில்லாத தொலை நுழைவான டெல்நெட்டை அணைப்பதும், கருவியைத் தொலைவிலிருந்து கண்காணிக்க உதவும் எஸ்என்எம்பியைப் பயன்படுத்தாவிட்டால் அணைப்பதும் ஒரு நிமிட வேலைதான்.

இந்த அமைப்புகள் எதுவும் வாடிக்கையாளர் தம் கைப்பேசியில் பார்ப்பதைப் பாதுகாப்பதில்லை என்பதை உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள். அதைச் செய்வது வைஃபையின் டபிள்யூபிஏ மறைப்பும், அவர்கள் திறக்கும் தளங்களின் எச்டிடிபிஎஸ்ஸும்தான்.

சோதித்துப் பார்த்தல்

கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரு கைப்பேசியை வாடிக்கையாளர் வைஃபையில் இணைத்து, ஆக்சஸ் பாயிண்டின் ஐபி எண்ணை எச்டிடிபியிலும் எச்டிடிபிஎஸ்ஸிலும் தட்டிப் பாருங்கள். இரண்டுமே திறக்கக் கூடாது. ஊழியர் வைஃபையிலிருந்தும் அப்படியே பாருங்கள். பிறகு கேபிளை மறுபடி செருகி, உங்கள் மடிக்கணினியிலிருந்து, எச்டிடிபியில் பக்கம் மறுக்கப்படுவதையும், எச்டிடிபிஎஸ்ஸில் எச்சரிக்கை இல்லாமல் திறப்பதையும் உறுதி செய்யுங்கள். போர்ட்டுகளை வருடிப் பார்க்கும் என்மேப் மென்பொருள் தெரிந்தவர்கள் அதைக் கொண்டு எந்தெந்த டிஎல்எஸ் பதிப்புகள் பதில் தருகின்றன என்று பட்டியலிட்டுப் பார்க்கலாம். நிர்வாகப் பக்கத்தில் அணைத்ததாகக் காட்டிய பழைய பதிப்பு உள்ளே உயிரோடு இருந்ததை நான் ஒருமுறை அப்படித்தான் கண்டுபிடித்தேன். கருவியை மறுதொடக்கம் செய்த பிறகே அது அணைந்தது.

எல்லாம் சரியாக இருந்தால் அமைப்புகளின் புதிய நகலை இறக்கிக்கொண்டு, பழையதை அழித்துவிடுங்கள். ஃபர்ம்வேர் புதுப்பித்தபோதும், ரீசெட் செய்தபோதும், நீண்ட மின்தடைக்குப் பிறகும் இதே சோதனையை மறுபடி செய்து, 80ஆம் போர்ட் மீண்டும் விழித்திருக்கிறதா என்று பார்த்து, கணக்குப் புத்தகத்தின் அட்டையில் கைரேகைக்குக் கீழே அன்றைய தேதியைக் குறித்து வையுங்கள்.